வெட்டுப்புழுவை இனங்காணுதலும் அடக்குதலும்
(தருமபுரி மாவட்ட உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தக்காளி நாற்றை நட்டு, உயிர்த்தண்ணீரும் விட்டாயிற்று. மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனால், பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்றுகள் சாய்ந்து கிடக்கின்றன. இலை வாடவில்லை, பச்சை மாறவில்லை. ஆனால் தண்டு மட்டும் தரையோடு தரையாக அறுபட்டிருக்கிறது. யாரோ அரிவாள் கொண்டு அறுத்ததைப் போன்ற தோற்றம். இதனைக் கண்டதும் நம்மில் பலர் செய்வது யாதெனில், நேரே மருந்துக் கடைக்குப் போய், "புழு வெட்டுகிறது, மருந்து கொடுங்கள்" என்று கேட்பதேயாகும். கடைக்காரரும் ஒரு புட்டியை எடுத்துக் கொடுக்கிறார். அன்று பகலிலேயே இலை நனைய நனைய மருந்தடிக்கிறோம். அடுத்த நாள் காலையில் இன்னும் இருபது நாற்று சாய்ந்து கிடக்கிறது.

மருந்து கெட்டுப்போன மருந்து என்று எண்ண வேண்டியதில்லை. பகலில் இலை மேல் அடித்த மருந்து, பகலில் மண்ணுக்குள் உறங்கும் புழுவை எவ்வாறு சென்று சேரும்? ஆகவே, இன்று நாம் பேசப்போவது மருந்தைப் பற்றிக் கொஞ்சமும், புழுவைப் பற்றி மிகுதியுமாக இருக்கும். எந்தப் புழு, அதற்கு எத்தனை வயது என்ற இரண்டையும் அறியாமல் செய்யும் செலவு, ஓட்டைக் குடத்தில் இறைத்த நீரேயாகும்.

இந்தச் செலவு சிறியதன்று. இரண்டு அடிக்கு ஒன்றரை அடி என்ற கணக்கில் நட்டால், ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 15,000 தக்காளி நாற்றுகள் வேண்டும். முன்பெல்லாம் வீட்டிலேயே விதை எடுத்து நாற்று விட்டோம். இன்று பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கங்களில் பெரும்பாலோர் நிழல்வலைக் கூடத்தில் வளர்த்த வீரிய ஒட்டு நாற்றை, ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்து வாங்கி நடுகின்றனர். ஆதலால், ஒரு புழு ஓர் இரவில் மூன்று நாற்றை அறுத்தால், அது நம் மடியிலிருந்தே மூன்று நாற்றின் விலையை எடுத்துக்கொள்கிறது. இடைவெளியை நிரப்ப மறுபடி நட்ட நாற்று பத்து நாள் பிந்தி வளரும். ஒரே பாத்தியில் ஒரு செடி காய்க்க, மற்றொரு செடி பூக்கும் நிலை வரும். பறிப்புக் கூலியும் சந்தை விலையும் அதற்கேற்பக் குழம்பும்.

இனி, குற்றவாளியை இனங்காணும் முறையைப் பார்ப்போம்.

'வெட்டுப்புழு' என்ற ஒரே பெயரால் நாம் மூன்று புழுக்களை அழைத்து வருகிறோம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. முதலாவது, மண்ணில் வாழ்ந்து தண்டை அறுக்கும் கறுப்பு வெட்டுப்புழு. அறிவியலார் இதனை அக்ராட்டிஸ் இப்சிலான் என்பர். இரண்டாவது, புகையிலை வெட்டுப்புழு. நம் உழவர்கள் 'புரொடீனியா' என்று சொல்லிப் பழகியது. பெயரில் வெட்டு இருந்தாலும், பெரும்பாலும் இது இலை தின்னும் புழு. மூன்றாவது, 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த மக்காச்சோளப் படைப்புழு. மூன்றும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சியின் பிள்ளைகளே. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. எனினும் குடியிருக்கும் இடம் வேறு, உண்ணும் முறை வேறு; ஆதலின் அடக்கும் முறையும் வேறு.

முதலாவதைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் கண்ணில் படாத பகைவன் அதுவே.

இதன் தாய் அந்துப்பூச்சி மங்கிய பழுப்பு நிறம். முன்சிறகில் சிறு கத்தி போன்ற கறுப்புக் கோடு இருக்கும், பின்சிறகு வெளுத்திருக்கும். இரவில் பறந்து வந்து, தரையோடு படர்ந்த களைச் செடிகளின் இலையடியிலும், ஈர மண்ணிலும் முட்டையிடும். ஒரு தாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட வல்லது. இங்கே ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும்: அது முட்டையிட்டது நம் தக்காளியிலன்று, நாம் நடுவதற்கு முன்பே அந்த நிலத்தில் தழைத்திருந்த களையில். நாம் நாற்றை நட வரும்போது புழு ஏற்கெனவே குடியேறி, பாதி வளர்ந்து, பசியோடு காத்திருக்கிறது. களையை உழுது மடக்கிய மறுநாளே நட்டோமானால், அதன் பழைய உணவைப் பறித்துப் புதிய உணவை நாமே கையில் கொடுத்தவர்களாகிறோம்.

முட்டை நாலைந்து நாளில் பொரிக்கும். இளம்புழு முதலில் இலையைச் சுரண்டிச் சிறு துளையிட்டுத் தின்னும். அப்போது அதனால் பெருஞ்சேதமில்லை. அரை அங்குல நீளம் வளர்ந்தபின் மண்ணுக்குள் இறங்கும். அன்று முதல் பகல் முழுதும் மண்ணில் உறக்கம், இரவில் வெளிவந்து தண்டறுப்பு. சில வேளைகளில் அறுத்த நாற்றைத் தன் வளைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். பாதி மண்ணில் புதைந்த இலையைக் கண்டால் அதுவே அடையாளம். முழு வளர்ச்சியில் ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை இருக்கும். சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம்; எண்ணெய் தடவியதைப் போன்ற மினுமினுப்பு; தொட்டால் வட்டமாகச் சுருண்டுகொள்ளும். ஏறக்குறைய நான்கு வாரம் புழுவாக வாழ்ந்து, பின் மண்ணிலேயே கூட்டுப்புழுவாகும். தன் வாழ்நாள் முழுவதிலும் தின்னும் உணவில் பெரும்பகுதியைக் கடைசி ஒன்றிரண்டு பருவங்களிலேயே தின்று தீர்க்கிறது. பெரிய புழு தன் இனத்தையே கடித்துத் தின்னும் இயல்புடையது. ஆகவே ஓரிடத்தில் கும்பலாக இராமல் தனித்தனியே கிடக்கும்.

தேடும் வழி எளிது. காலையில், வெயில் ஏறுமுன், சாய்ந்து கிடக்கும் நாற்றின் அடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைக் களைக்கொத்தால் ஒன்றிரண்டு அங்குல ஆழம் கிளறிப் பாருங்கள். புழு பெரும்பாலும் அங்கேயே அகப்படும். உச்சிப் பொழுதில் போனால் நாற்று வாடிவிடும். எது இன்று அறுபட்டது, எது நேற்று அறுபட்டது என்று தெரியாது. புழுவும் ஆழத்தில் இறங்கியிருக்கும். நிலப்போர்வைத் தாள் விரித்த தோட்டமானால், நாற்று நட்ட துளையைச் சுற்றித் தாளைத் தூக்கி அதன் கீழும் பார்க்க வேண்டும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தை அது விடாது.

கிளறியும் புழு அகப்படவில்லையா? அப்படியானால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். நாற்றங்காலில் நாற்றுகள் திட்டுத் திட்டாகச் சாய்ந்து, அடித்தண்டு அறுபடாமல் நீர்கோத்து நூல்போல் இளைத்திருந்தால், அது நாற்றழுகல் நோய். அதற்கு வேண்டியது வடிகாலும், குறைந்த நீரும். ஈரப் பாத்தியில் மண் பொருக்குத் தூக்கி, வரிவரியாகச் சுரங்கம் ஓடியிருந்தால் பிள்ளைப்பூச்சியின் வேலை. நிலக்கடலைக் கொல்லையில் செடி நின்றபடியே வாடி, இழுத்தால் வேரின்றிக் கையோடு வருமானால் வேர்ப்புழு. அதுவும் சுருண்டுதான் கிடக்கும். ஆனால் வெண்ணிறம், பழுப்புத் தலை, தடித்த உடல். தண்டு தரைக்கு மேல் நாலைந்து அங்குல உயரத்தில் சாய்வாக, கத்தியால் சீவியதைப் போல் வெட்டுண்டிருந்தால் முயலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்றைக் கொத்திப் பிடுங்கி எறிந்திருந்தால் மயில். இவற்றுக்கெல்லாம் புழு மருந்தடிப்பது வீண்.

புழு அகப்பட்டால், உடனே நசுக்கிவிடாமல் அதன் நீளத்தைப் பாருங்கள். இதனை நாம் வற்புறுத்திச் சொல்கிறோம். அகப்படுபவை பெரும்பாலும் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்றிருந்தால், இன்னும் இரண்டு மூன்று வாரத்துச் சேதம் முன்னே நிற்கிறது. உடனே முனைய வேண்டும். எல்லாம் இரண்டு அங்குலத்தை எட்டிய கிழட்டுப் புழுக்களானால், இன்னும் சில நாளில் அவை தாமே கூட்டுப்புழுவாகிவிடும். அறுப்பு தானாக நின்றுபோகும். அந்த நேரத்தில் மருந்து வாங்கி அடித்துவிட்டு, "அடித்ததும் நின்றது" என்று மகிழ்பவர் பலர். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!

அதுபோலவே, ஐந்து இடங்களில் இருபது இருபது நாற்றாக நூறு நாற்றை எண்ணி, அவற்றில் புதிதாக அறுபட்டவை எத்தனை என்று குறித்துவைத்து, மூன்று நாள் தொடர்ந்து எண்ணினால், சேதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது கணக்காகவே தெரியும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் போதும்.

அடக்கும் முறைகளில் தலையாயது நடவுக்கு முன் செய்வது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நிலத்தைக் களையின்றி உழுது போட்டு வைத்தால், பொரித்த இளம்புழு தின்ன இலையின்றி மடியும். கோடை உழவின் பயன் நாம் அறியாததன்று: கூட்டுப்புழு மேலே புரண்டு வெயிலில் காயும்; ஏருக்குப் பின்னே நடந்துவரும் கொக்கும் மைனாவும் கரிக்குருவியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இன்று ஏருக்குப் பதில் டிராக்டர் வந்தாலும் கொக்கு அதன் பின்னும் வருகிறது. அவற்றை விரட்ட வேண்டாம். வரப்போரக் களையையும் மறவாதீர்கள்; உள்ளே சுத்தமாக உழுதுவிட்டு வரப்பை விட்டுவைத்தால், அங்கிருந்து படையெடுப்பு தொடங்கும்.

தாழ்வான, நீர் வடிந்த நிலங்களில் இப்புழுவின் தொல்லை மிகுதி என்பது பழைய செய்தி. பீகாரில் கங்கைக் கரையில் மொகாமா தால் என்றொரு பெரும் பள்ள நிலம் உண்டு. மழைக்காலத்தில் கடல்போல் வெள்ளம் நிற்கும். வடிந்தபின் கொண்டைக்கடலை விதைப்பார்கள். முளைத்த பயிரை இந்தக் கறுப்பு வெட்டுப்புழு அறுத்துத் தள்ளியதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பூசா ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே சென்று ஆராய்ந்தார்கள். புளித்த இனிப்புக் கலவையின் வாசனையால் அந்துப்பூச்சிகளைக் கவர்ந்து பிடிக்கும் பொறிகளை வைத்துப் பார்த்தார்கள். அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட பிளெட்சர் என்பவர் சென்னை அரசின் பூச்சியியல் வல்லுநராகவும் இருந்தவர். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914-இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளியாயிற்று. நம் மாவட்டத்தில் மொகாமா போன்ற பள்ளமில்லை. எனினும் ஏரி உள்வாயிலும், ஆற்றுப் படுகையிலும், நீர் தேங்கி வடிந்த கீழ்ப்பாத்தியிலும் நாற்று நடுவோர் முதல் பத்து நாள் கூடுதல் விழிப்போடு இருத்தல் நன்று.

வாய்க்கால் பாசனத்தில் ஒரு வசதி இருந்தது. பாத்தியில் நீர் நிறைந்ததும் புழு மூச்சுத் திணறி மேலே வரும். காக்கையும் மைனாவும் கொத்தித் தின்னும். சொட்டுநீர்ப் பாசனத்தில் அவ்வசதி இல்லை. நீரை மிச்சப்படுத்தும் முறையை இதற்காகக் கைவிடச் சொல்லவில்லை. அந்தத் தோட்டங்களில் கையால் தேடும் வேலையைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே கருத்து.

கையால் தேடுவதை எளிதாக்க ஓர் உபாயம் உண்டு. பிடுங்கிய களைகளை வாடவிட்டு, மாலையில் பாத்திகளின் இடையே சிறு சிறு குவியலாக வையுங்கள். பழஞ்சாக்கும் பலகைத் துண்டும் உதவும். இரவில் மேய்ந்த புழுக்கள் விடியுமுன் அதனடியில் புகலிடம் தேடும். காலையில் குவியலைப் புரட்டிப் பொறுக்கி, சோப்பு நீரில் போட்டுவிடலாம். கோழி வளர்க்கும் வீட்டில் கோழிக்கே போடலாம். இரவு எட்டு மணிக்குமேல் கைவிளக்குடன் ஒரு சுற்று வந்தால், அறுத்துக்கொண்டிருக்கும்போதே பிடிக்கலாம். பாம்பு நடமாடும் நேரமாதலால் செருப்பின்றிப் போகலாகாது.

வீட்டுத் தோட்டத்தில் பத்துக் கத்தரி, பத்து மிளகாய் வைக்கும் தாய்மார்களுக்கு மருந்தே வேண்டியதில்லை. வாழைப்பட்டையையோ, கெட்டித் தாளையோ வளையமாகச் சுற்றி, நாற்றைச் சுற்றி ஓர் அங்குலம் மண்ணுக்குள்ளும் இரண்டு அங்குலம் வெளியேயும் இருக்குமாறு நட்டுவிடுங்கள். அடி உடைந்த தேங்காய்ச் சிரட்டையும் ஆகும். நடும்முன் வளையத்துக்குள் புழு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் திருடனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதையாகும். தண்டு தடித்து முற்றியபின் புழுவால் அறுக்க இயலாது; அதுவரைதான் இக்காவல்.

இனி மருந்து. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டுப்புழு என்றதும் பி.எச்.சி. தூள் என்பார்கள். மண்ணில் தூவினார்கள், அது ஆண்டுக்கணக்கில் மண்ணிலும், பின் பாலிலும், தாய்ப்பாலிலும் தங்கியது. இந்திய அரசு அதனை 1997-இல் தடை செய்துவிட்டது. அதன்பின் தவிட்டோடு கலந்து வைக்கப் பரிந்துரைக்கப்பட்டு வந்த கார்பரில் மருந்தும் 2018 ஆகஸ்டில் தடை செய்யப்பட்டது. ஆயினும் பழைய குறிப்புகளைப் பார்த்தும், பெரியவர் சொன்னார் என்றும் இவற்றைத் தேடுவோர் இன்றும் இருக்கக்கூடும். பரண்மேல் பழைய டப்பா இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். கிணற்றிலோ ஓடையிலோ கொட்டவும் வேண்டாம். பூட்டி வைத்து, வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவியுங்கள்.

நச்சுத் தீனி முறையில் நியாயம் உண்டு. ஏனெனில் அது மண்ணில் மேயும் புழுவிடம் மருந்தை நேரே கொண்டு சேர்க்கிறது. தவிடும் வெல்லமும் நீரும் பிசைந்து புளிக்கவைத்து, மாலை மங்கும் நேரத்தில் நாற்றின் அருகே இடுவர். பகலில் இட்டால் காய்ந்து பயனற்றுப் போகும். எந்த மருந்தைக் கலப்பது என்பதை, அந்தந்தப் பயிருக்கு இன்று அனுமதிக்கப்பட்டது எது என்று உதவி வேளாண்மை அலுவலரிடமோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டே தீர்மானிக்க வேண்டும். வெல்ல வாசனைக்கு நாயும் கன்றும் ஆடும் வரும்; தவிட்டுக்கு மயிலும் வரும். மயில் நாட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனை நஞ்சிட்டுக் கொல்வது குற்றம். ஆகவே தீனி வைத்த தோட்டத்தில் கால்நடையை அவிழ்த்து விடலாகாது. கட்டி கட்டியாகக் குவித்தும் வைக்கலாகாது. குழந்தைகள் விளையாடும் வீட்டோரத் தோட்டத்தில் இம்முறையே வேண்டாம்.

மற்ற இரண்டு புழுக்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். புகையிலை வெட்டுப்புழுவின் தாய் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே கும்பலாக இலையடியில் இட்டு, பழுப்பு ரோமத்தால் மூடிவைக்கும். பொரித்த குஞ்சுகள் கூட்டமாக ஓரிலையைச் சுரண்ட, அது சல்லடைபோல் வெளுக்கும். அந்த ஓர் இலையைக் கிள்ளி அழித்தால் இருநூறு முந்நூறு புழுக்கள் ஒரே கிள்ளலில் போய்விடும். பத்து நாள் பொறுத்தால் அவை தோட்டமெங்கும் பரவிவிடும். நிலக்கடலையிலும் பருத்தியிலும் தக்காளியிலும் வரப்போரம் ஆமணக்கு விதைக்கச் சொல்வது இதற்காகவே. அகன்ற ஆமணக்கிலையை அத்தாய் விரும்பித் தேடும். முட்டைக் கும்பலும் நம் கண்ணுக்கு எளிதில் தென்படும். ஆமணக்கை விதைத்துவிட்டு, இலையைத் திருப்பிப் பார்க்காதிருந்தால் புழுவுக்குப் பண்ணை வைத்ததாகும்.

படைப்புழு அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கர்நாடகத்திலும் காணப்பட்டு, அவ்வாண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியது. தலையில் கவிழ்த்த ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற வெண்கோடும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கறுப்புப் புள்ளிகளும் அதன் முத்திரை. குருத்துக்குள் குடியிருந்து, மரத்தூள் போன்ற எச்சத்தைத் தள்ளும். மிக இளம் மக்காச்சோளத்தை இதுவும் தரையோடு அறுப்பதுண்டு. அப்போது கறுப்பு வெட்டுப்புழு என்று மயங்கக்கூடும். தலையைப் பார்த்தால் மயக்கம் தீரும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, விதைநேர்த்தி, பத்து வரிசைக்கு ஓர் இடைவெளி, ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பில் தட்டைப்பயறு அல்லது எள் ஆகியன வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் முறைகள். மருந்து தெளிப்பதானால் குருத்துக்குள் இறங்குமாறு தெளிக்க வேண்டும்.

இப்புழுக்களின் தாய்ப்பூச்சிகள் ஒருவர் வரப்போடு நிற்பவையல்ல. நீர் பாய்ச்சிய ஒரு தோட்டத்தின் களையில் பிறந்தவை அடுத்த தோட்டத்து நாற்றுக்கு வரும். ஆகவே ஒரே ஏரியின் கீழோ, ஒரே கிணற்றுப் பங்கிலோ நடுபவர்கள் கூடிப் பேசி, ஒரே வாரத்தில் களையழித்து உழுது, ஏறக்குறைய ஒரே காலத்தில் நடுவது மிக்க பயன் தரும். நடவு தொடங்கும் முன் அடுத்த நிலத்துக்காரரிடம் அவர் நிலத்தை எப்போது உழப்போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புழு எதுவென்று துணிய இயலாவிட்டால், உயிருள்ள இரண்டு புழுவை ஈர மண்ணோடு மூடியில் துளையிட்ட டப்பாவில் போட்டு, ஒன்றையொன்று தின்னாதபடி தனித்தனியாக வைத்து, அறுபட்ட நாற்று ஒன்றையும் எடுத்துக்கொண்டு விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். காலையில் பிடித்ததானால் அன்றே கொண்டுவருவது நல்லது.